ஆத்துக்கணக்கு என்று எழுது

என் அன்புக்கும் அதே அளவு ஆத்திரத்துக்கும் உரிய மாமிக்கு,

நீங்கள் போய் இரண்டு வருசத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாளில் நான் உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. இருபது வருசம் ஒரே கூரைக்குக் கீழே ஒருத்தரை ஒருத்தர் திட்டியே காலம் தள்ளிய மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் கடிதம் எதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன் என்றால், எனக்குச் சண்டை போட வேறு ஆட்கள் கிடைத்திருக்கிறார்கள். அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நம்மைத் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை அறைகளுக்குத் திரும்பிப் போகச் சொல்கிறார்கள், மாமி. நம்ம வீட்டை மட்டுமில்லை, ஆத்துக்கணக்கு முழுவதையும்.

முதலில் மழையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன கார்த்திகையில் நாலு நாள் விடாமல் அடித்தது. அஞ்சாம் நாள் பகல் பதினொரு மணிக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன், காலுக்குக் கீழே தண்ணீர் வந்து நின்றது. பதுளு ஓயா ஆற்றில் நாம் பார்க்காத கோலமா? ஆனால் இது வேறு. வடித்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் ரோட்டைத் தாண்டி மேலே பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். கீழ் வரிசை வீடுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆட்கள் அத்தனை பேரும் மிஞ்சினோம்.

நம்ம வீட்டில் ஆற்றுப் பக்கச் சுவர் போய்விட்டது. நீங்கள் கடன் வாங்காமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சிமெந்து சேர்த்துப் போட்ட தரை மட்டும் அப்படியே கிடக்கிறது. சேறு வழித்துக் கழுவிய பிறகு அதில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் பார்த்திருந்தால், தரையை ஈரமாக்காதே என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

இதையெல்லாம் வேறு யாராவது வாசித்தால் ஆத்துக்கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். பதுளை டவுன் முடிகிற இடத்தில், பாலத்துக்கு இந்தப் பக்கம், ரோட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கிற சரிவு. கொழும்பிலிருந்து வேன் போட்டுக்கொண்டு துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியைப் படம் பிடிக்க வருகிறவர்கள் நம்ம தலைக்கு மேலேதான் போகிறார்கள். அவர்கள் வாயைப் பிளந்து பார்க்கிற அந்தத் தண்ணீரில் காலையில் நாம் கரட் கழுவியிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் படம் எடுப்பார்களோ என்னவோ.

நீங்கள் இங்கே வந்த கதையை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், பாதி நேரம் காது கொடுக்காமல். இப்போது எனக்கே அதைச் சொல்லிப் பார்க்கத் தேவைப்படுகிறது. நமுனுகுல மலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். மாமா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று மாதம். பிள்ளைக்கு உடம்பு சுட்டதால் ஒரு நாள் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் பிந்திப் போனீர்கள். பேர் கூப்பிட்டு முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போ என்றார் கங்காணி. நீங்கள் போகாமல் நின்று பதில் பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்று கடைசி வரைக்கும் எங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவு அழகான வார்த்தையாக இருந்திருக்க வேண்டும். அந்த வாரமே உங்கள் பேரை வெட்டினார்கள். பேர் வெட்டினால் வேலையும் இல்லை, தங்க லயத்துக் காம்பராவும் இல்லை.

நாலு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு மூட்டையோடு மலை இறங்கி வந்தீர்கள். அந்தக் காலத்தில் இந்தச் சரிவில் நாணலும் டவுன் குப்பையும்தான். வெலிமடையிலிருந்து வருகிற மரக்கறி லொறிகள் இங்கே நிறுத்தி, கரட்டையும் பீட்றூட்டையும் ஆற்றில் கழுவிச் சந்தைக்குக் கொண்டுபோகும். கழுவ ஆள் தேவைப்பட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் சாக்கைப் போட்டு மிதித்து மிதித்து மண் போக்குகிற வேலை. கால் மரத்துப்போகும் என்று ஆம்பிளைகளே ஒதுங்கிய வேலையை நீங்கள் எடுத்தீர்கள்.

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். உங்களைப் போலப் பேர் வெட்டப்பட்டவர்கள், கலவரத்தில் இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள், டவுனில் ரோடு கூட்டுகிறவர்கள், கடைச் சிப்பந்திகள். தையல் மெஷினோடு ஹனீபா நானா வந்தார், மூலையில் கடை போட்டார். தச்சு வேலைக்கார சிங்களக் குடும்பம் ஒன்று மருத மரத்தடியில் வீடு கட்டியது. அதே மரத்தடியில் நீங்கள் மூன்று செங்கல் வைத்து அம்மன் என்றீர்கள். அந்த வீட்டுத் தச்சர், நாம் பாஸ் என்று கூப்பிடுகிறவர், கூரை போட்டுக் கொடுத்தார். யாரும் யாரையும் கேட்டு வரவில்லை. போகச் சொல்லவும் ஆள் இல்லை.

நம்ம ஆட்களின் குணம் ஆற்றால் வந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். தண்ணீர் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியதில் நமக்குத் தாழ்ந்த குரலே கிடையாது. டவுன் கடையில் போய்ச் சீனி விலை கேட்டால் சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைக்கிறார்கள். நம்ம இடத்தில் ரகசியம் தங்காததற்கும் அதுதான் காரணம். எங்கள் முதல் சண்டையை நானும் உங்கள் மகனும் போட்டபோது, மறுநாள் காலை ஹனீபா நானா, "தங்கச்சி, நீங்க சொன்னதுதான் ஞாயம்" என்று கடையிலிருந்தே தீர்ப்புச் சொன்னாரே.

பேர் வந்த கதைக்கு வருகிறேன், இப்போது எல்லா வில்லங்கமும் அதில்தான். ஒரு நாள் புதிதாக வந்த லொறிக்காரர் ஒருத்தர் எங்கே இறக்குவது என்று ரோட்டில் நின்று கத்தினார். நீங்கள் தண்ணீருக்குள் நின்றபடியே, "ஆத்துக்கணக்குல எறக்குங்க" என்றீர்கள். தோட்டத்தில் ஒவ்வொரு பிரிவையும் கணக்கு என்றுதானே சொல்வோம். மேல்கணக்கு, கீழ்க்கணக்கு, நடுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் இது ஆற்றுக்குப் பக்கத்துக் கணக்கு. தோட்டத்துக்காரர்கள் மட்டுமே வைக்கக்கூடிய பேர். சிரித்தார்கள், பேர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பேர் எனக்குப் பிடிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பூனாகலையில் பிறந்து வளர்ந்து, தோட்டத்தை விட்டு டவுனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறேன் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தவள் நான். வந்த இடத்திலும் கணக்கா என்று இருந்தது. கலியாணப் பத்திரிகையில் என் அப்பா மாப்பிள்ளை ஊர் பதுளை என்று மட்டும் அச்சடித்தார், நான் சொல்லித்தான். நீங்கள் உங்கள் பக்கத்துப் பத்திரிகை முழுவதிலும் போல்பொயின்ட் பேனாவால் ஒவ்வொன்றாக ஆத்துக்கணக்கு என்று எழுதிச் சேர்த்துக் கொடுத்தீர்கள். உங்களுக்கு எழுதத் தெரிந்ததே உங்கள் பேரும் அந்தப் பேரும்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு வெட்கத்தில் செத்துப்போனேன். உங்கள் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் விலாசத்தை மழுப்பினேன். நீங்கள் தனியாகப் போய் அதிபரிடம் மாற்றிவிட்டு வந்தீர்கள். அதற்கு நான் மூன்று நாள் உங்களோடு பேசவில்லை.

இப்போது அந்த மழுப்பலுக்குத்தான் அனுபவிக்கிறேன்.

வெள்ளம் வடிந்து மூன்றாவது வாரம், உடைந்த வீடுகளுக்கு நிவாரணம் என்று எல்லா இடத்துக்கும் கடிதம் வந்தது. நமக்கு மட்டும் வரவில்லை. பிறகு வந்தது. ஹனீபா நானா பள்ளிக்கூட வாசலில் நின்று அதைச் சத்தமாக வாசித்தார். மேலே விலாசம் இப்படி இருந்தது: நதிக் கணக்கியல் பிரிவு, பதுளை. யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் நம்ம பேரைச் சிங்களத்தில் போடும்போது, கணக்கு என்றால் கணக்கெழுதுகிற கணக்கு என்று நினைத்திருக்கிறார். அது இன்னொருத்தர் கைக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பி வரும்போது நாம் ஒரு அலுவலகமாகிவிட்டோம்.

"எல்லாருக்கும் கவுமெந்து உத்தியோகம் கெடச்சிருக்கு, வந்து சம்பளத்த வாங்கிக்கங்க" என்றார் நானா. பள்ளிக்கூடத்து மண்டபத்தில் பாயில் படுத்துக் கிடந்த சனம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஒரு நாள்கூட நிலைக்கவில்லை.

மறுநாள் நிவாரண ஆபீசுக்கு வரச் சொன்னார்கள், நான் போனேன். உத்தியோகத்தர் ஒரு தமிழ்ப் பையன். கெட்டவர் இல்லை, மாமி. கதிரை போட்டு உட்கார வைத்தார், பிளேன்டீ வாங்கித் தந்தார். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. அவருடைய புத்தகத்தில் ஆற்றோரம் ஒரு அலுவலகப் பிரிவு இருக்கிறது, குடியிருப்பு என்று ஒன்றும் இல்லை. குடியிருப்பே இல்லாத இடத்தில் குடியிருந்தவர்களுக்கு வேறு காணி கொடுக்கச் சட்டத்தில் வழியில்லை. ஆனால் ஒரு நல்ல வழி இருக்கிறது என்றார். எல்லோரும் படிவத்தில் பழைய தோட்டத்து விலாசத்தை எழுத வேண்டியது. தோட்டங்களில் காம்பரா காலியாகக் கிடக்கிறது, அங்கே கொண்டுபோய் இருத்திவிடுவார்கள். சேமமாக இருக்கலாம், ஆறும் கிடையாது.

நாங்கள் ஆற்றங்கரையிலேயே கிடந்து சாகிறோம் என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பைத்தியமா? ஆறு என் வீட்டுச் சுவரைத் தின்றிருக்கிறது. ரோட்டுக்கு மேலே மானாப்புல் மண்டிக் கிடக்கிற மேட்டைக் கொடுங்கள், அங்கே ஏறிக்கொள்கிறோம், பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போகும், நாங்கள் அதே வேலைக்குப் போவோம் என்றுதான் கேட்டேன். மேட்டைக் கேட்பதற்கும் முதலில் நாங்கள் இங்கே இருந்தவர்களாக இருக்க வேண்டுமாம்.

அப்போதுதான் நான் அந்தப் பிழையைச் செய்தேன். வெள்ளத்தில் நான் முதலில் தூக்கியது நீங்கள் பத்திரமாக வைத்திருந்த பிளாஸ்டிக் பையை. பழைய கரண்டு பில், தண்ணீர் பைப்புக்குப் போட்ட மனு, உங்கள் அடையாள அட்டை, மரணச் சான்றிதழ். நாற்பது வருசமாக இங்கே இருந்த மனுசி, இந்தாருங்கள் அத்தாட்சி என்று பையோடு அவர் மேசையில் வைத்தேன். என்ன பெருமை எனக்கு. அவர் ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரு தாளை வெளியே எடுத்து என் பக்கம் திருப்பினார்.

"ஒங்க மாமியும் தோட்டத்து ஆள்னுதானே இதுல இருக்கு அக்கா?"

வாசித்தேன். உங்கள் மரணச் சான்றிதழ். நிரந்தர வதிவிடம் என்ற இடத்தில் அந்தத் தோட்டத்தின் பேர், கீழ்க்கணக்கு, நாலாம் நம்பர் லயம்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு உங்கள் மகன் அழுதுகொண்டே அடையாள அட்டையைக் கொடுத்தார். அட்டையில் பழைய விலாசம் இருந்தது. எழுதுகிறவர் அதைப் பார்த்து எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கையெழுத்துப் போட்ட பிறகு அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தவள் நான்தான். நாங்கள் இரண்டு பேருமே அதை வாசிக்கவில்லை, மாமி. உயிரோடு இருந்தபோது உங்கள் பேரை வெட்டி வெளியே தள்ளிய லயத்திலேயே, செத்த பிறகு உங்களைக் கொண்டுபோய் நாங்களே வைத்துவிட்டோம். இரண்டு வருசமாக அங்கேதான் இருக்கிறீர்கள்.

எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல். மீதியை அந்தப் பையன் வாங்கிக்கொண்டார். மெதுவாகப் பேசுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார், பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆற்றங்கரைக் குரலை எப்படி மெதுவாக்குவது?

"பொறந்த எடம்னு கேளுங்க தம்பி, பூனாகல தோட்டம்னு எழுதுறேன். அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. இருக்குற எடம்னு கேட்டா ஆத்துக்கணக்குன்னுதான் எழுதுவேன். அந்தப் பேரு ஒங்க பொஸ்தகத்துக்குப் புரியலங்கிறதுக்காக நாங்க லயத்துக்குப் போக முடியாது."

எழுதினால் படிவம் திரும்பி வரும் என்றார். திரும்பி வந்தால் இன்னொரு படிவம் தாருங்கள் என்றேன். தமிழில் எழுதி, அதற்குக் கீழே நானே சிங்கள எழுத்தில், அர்த்தம் பார்க்காமல் சத்தத்தை அப்படியே எழுதினேன். ஆத்துக்கணக்கு. அதை மொழிபெயர்க்க வேண்டாம், உங்கள் பேரை யாராவது மொழிபெயர்க்கிறார்களா என்று கேட்டேன். அவர் இன்னும் ஒரு கட்டுப் படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். வயதான சிலர், காம்பராவாவது கிடைக்குமே, இந்த மண்டபத்தில் எத்தனை நாள் கிடப்பது என்றார்கள். அதுவும் ஞாயம்தான். ஒருத்தர் இரண்டு பேர் மட்டுமில்லை, பாதிப் பேர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று எனக்கே தோன்றியது. அப்போது உங்கள் மகன் எழுந்தார். ஆமாம், உங்கள் மகன்தான். கலியாணம் முடித்த நாளிலிருந்து கூட்டம் என்றால் கதவுப் பக்கம் நிற்கிற மனுசன்.

"எங்கம்மா பேர வெட்டுன எடத்துலயே நான் அவங்கள எழுதி வச்சிட்டேன்" என்றார். "நான் படிச்சுப் பாக்கல. நீங்களாவது படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவ்வளவுதான் பேசினார், உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். தெரியாதவர்களுக்கு நானும் உங்கள் பேத்தியும் எழுதினோம். தச்சு வேலைக்கார பாஸின் மகன் தன் படிவத்தில் சிங்களத்தில் ஆத்துக்கணக்கு என்று எழுதிவிட்டு, மற்றவர்களுடைய படிவத்தில் என் சிங்கள எழுத்தைத் திருத்தினார். ஹனீபா நானா தன் கடை ரப்பர் முத்திரையைக் கொண்டுவந்து, கேட்காமலே எல்லாப் படிவத்திலும் குத்தினார். அதிலும் நம்ம பேர்தான் இருக்கிறது. சட்டப்படி அதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

இரண்டு குடும்பத்தார் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். கைக்குழந்தைக்காரர்கள், நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மேடு கிடைத்தால் அவர்களுக்கும் இடம் விடுவோம். மற்றவர்கள் இன்னும் மண்டபத்தில்தான். பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் பகலில் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம், பின்னேரம் திரும்பிப் போகிறோம். சமையல் ரோட்டோரத்தில், எல்லோருக்கும் ஒரே அடுப்பு. யாருடைய கையில் உப்புக் கூட என்பதில் நாளுக்கு ஒரு சண்டை நடக்கிறது, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

போன கிழமை நில அளவைக்காரர் இரண்டு பேர் வந்து ரோட்டுக்கு மேலே மானாப்புல்லை வெட்டி, குச்சி நட்டு அளந்துவிட்டுப் போனார்கள். எதற்கு என்று கேட்டால் தெரியாது என்றார்கள். கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தேன். நதியும் இல்லை, கணக்கியலும் இல்லை. சிங்களத்தில் ஆத்துக்கனக்கு என்று இருந்தது. ணகரத்துக்கு னகரம் போட்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. கிடைக்குமா கிடைக்காதா என்று எனக்குத் தெரியாது, மாமி. கிடைக்காவிட்டாலும் லயத்துக்குப் போவதில்லை என்று மட்டும் முடிவாகிவிட்டது.

இன்னொரு வேலையும் தொடங்கியிருக்கிறேன். உங்கள் மரணச் சான்றிதழைத் திருத்த மனுக் கொடுத்திருக்கிறேன். அதற்குச் சத்தியக் கடதாசி வேண்டுமாம், இரண்டு சாட்சி வேண்டுமாம், மூன்று தடவை போய் வந்தாயிற்று. கடைசியாகப் போனபோது அங்கே இருந்தவர், செத்தவருக்கு விலாசம் எதற்கம்மா, இதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டார். எனக்குப் பிரயோசனம் என்றேன். அடுத்த திங்கட்கிழமை திரும்பவும் வரச் சொல்லியிருக்கிறார், அலைக்கழித்தால் விட்டுவிடுவேன் என்று நினைக்கிறார் போல. இருபது வருசம் உங்களோடு மல்லுக்கட்டியவளை அவருக்குத் தெரியாது.

அந்த லயத்திலிருந்து முதல் தடவை நீங்களாகவே இறங்கி வந்தீர்கள். இந்தத் தடவை நான் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். எத்தனை திங்கட்கிழமை ஆனாலும் சரி.

உங்கள் வாயாடி மருமகள்,
ராஜேஸ்வரி
ஆத்துக்கணக்கு, பதுளை.